தாமான் (குடியிருப்பு) புலனக் (வாட்ஸ்அப்) குழு: பஸ் சர்வே

கவிதா: வணக்கம். சுங்கை சிப்புட் டவுனுக்குப் போற பஸ் பத்தின என் யூனிவர்சிட்டி சர்வே லிங்க்க மறுபடியும் போட்டிருக்கேன். பாதிப் பேர் நடுவுலயே விட்டுட்டாங்க. ஏன்னு சொல்லுங்களேன், கோவிச்சுக்க மாட்டேன்.

தேவி அக்கா: லிங்க்னாலே பயம் லா. ஏபிகேன்னு ஏதோ ஆப்ப இறக்கச் சொல்லி பேங்க் காசெல்லாம் வழிச்சிட்டுப் போறானுங்க. நீ மொத கேள்வியிலயே ஐசி (அடையாள அட்டை) நம்பர் கேக்குற!

கவிதா: ஒரே ஆள் திரும்பத் திரும்பப் போடாம இருக்கத்தான் க்கா.

தேவி அக்கா: டாப் அப் குலுக்கல்னு ஆசை காட்டினது யாரு? என் மவன் அவன்கிட்ட இருக்கிற எல்லா ஈமெயில்லயும் போட்டுட்டான் 😂

கவிதா: எல்லாத்துக்கும் "3"னே வரிசையா தட்டினது அவன்தானா? 40 கேள்விய ஒரு நிமிஷத்துல முடிச்சிருக்கான். அத தனியா ஒதுக்கிட்டேன்.

வாத்தியார் சார்: 22ஆவது கேள்வி பாரும்மா. "பஸ் மலிவாகவும் நேரத்துக்கும் வருகிறதா?" டிக்கெட் மலிவுதான், பஸ்தான் வரதில்ல. ஆமான்னு போடுறதா, இல்லன்னு போடுறதா?

சேகர் அண்ணன்: சம்பளத்த வேற கட்டாயம் எழுதணுமாம். எஸ்டிஆர்னு கவர்மெண்டு குடுக்கிற உதவிக் காசு நின்னுடுமோன்னு எல்லாரும் கொறச்சுதான் எழுதுவாங்க.

கவிதா: இன்னும் நூறு பேர் நிரப்பினா சரியாயிடாதா சார்?

வாத்தியார் சார்: 1936ல அமெரிக்காவுல லிட்டரரி டைஜெஸ்ட்னு ஒரு பத்திரிகை, அதிபர் தேர்தல்ல யாருக்கு ஓட்டுன்னு கேட்டு ஏறக்குறைய ஒரு கோடி பேருக்கு அட்டை அனுப்புச்சு. 20 லட்சத்துக்கு மேல திரும்பி வந்துச்சு. லாண்டன்ங்கிறவர்தான் ஜெயிப்பார்னு போட்டாங்க. ஆனா எதிர்த்து நின்ன ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46ஐ அள்ளிட்டார்! டெலிபோன் புத்தகம், கார் பதிவுப் பட்டியல் பாத்துப் பேர் எடுத்தாங்க. வேலையில்லாத் திண்டாட்டக் காலத்துல காரும் போனும் யார்கிட்ட இருந்திருக்கும்? அட்டைய திருப்பி அனுப்பாதவங்க மனசும் வேற மாதிரி. உன்னுதும் அதே கதைதான். பஸ்ஸ நம்பி இருக்கிறது லயத்து வீட்டுக் கெழவிங்க. ஃபார்ம் நிரப்பினது மோட்டார் வச்சிருக்கிற பசங்க.

பாட்டி (பேரன் போன், குரல் செய்தி): எனக்கு எழுத்து தெரியாது ஆயி. வந்து வாயால கேளு, சொல்றேன். ஆனா மருமவள பக்கத்துல வச்சுக்கிட்டு கேக்காத.

தேவி அக்கா: 🤣🤣 பாட்டி, மருமவளும் இந்தக் குரூப்லதான் இருக்கா!

கவிதா: சரி, ஐசிய எடுத்துட்டேன். சம்பளம், இஷ்டப்பட்டவங்க மட்டும். 22ஆவது கேள்விய ரெண்டா பிரிச்சு, மொத்தத்துல 14 கேள்விதான், தமிழ்லயும் இருக்கும். மேல யூனிவர்சிட்டி பேரும் லெக்சரர் ஆபீஸ் நம்பரும் போடுறேன், சந்தேகம்னா அடிச்சுக் கேளுங்க. ஞாயித்துக்கிழம காலையில கோயில் மண்டபத்துல இருப்பேன், பாட்டிங்கள ஒவ்வொருத்தரா தனியா கூப்பிட்டுக் கேக்குறேன். குலுக்கலும் கெடையாது. அப்புறம் தரேன்னு சொல்றத விட முன்னாடியே கையில குடுத்தாதான் நெறைய பேர் பதில் சொல்வாங்களாம். அதனால மொதல்ல தேத்தண்ணி, பெறகு கேள்வி.

தேவி அக்கா: குடிச்சிட்டு ஓடிட்டா?

கவிதா: ஓடட்டும் க்கா. எத்தன பேர் ஓடினாங்கன்னும் எழுதி வைக்கணும்.

சேகர் அண்ணன்: அப்ப என்னையும் அதுல சேத்துடு. ஞாயிறு செம்பனை ஆலையில எனக்கு டபுள் ஷிஃப்ட்.

கவிதா: உங்க ஷிஃப்ட் ஆளுங்க யாருமே இதுவரைக்கும் நிரப்பல ண்ணே. திங்கள் ராத்திரி ஒட்டுக்கடையில எத்தன மணிக்கு இருப்பீங்க?