5ஏ யோயோ ஆட்டத்துக்கான கவுண்டர்வெயிட்டை வீட்டிலேயே செய்வது எப்படி?

நூல்முனை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நூலை விரலில் மாட்டிக்கொள்ளாமல், அதன் முனையில் கவுண்டர்வெயிட் எனப்படும் சிறு எடை ஒன்றைக் கோத்து, இரண்டையும் காற்றில் விட்டுப் பிடிக்கும் 5ஏ முறையைக் கற்கத் தொடங்கியிருக்கிறேன். என்னிடம் இருப்பது 66 கிராம் எடையுள்ள அலுமினிய யோயோ. பைண்ட் போட்டால்தான், அதாவது நூலின் ஒரு மடிப்பை யோயோவின் இடைவெளிக்குள் செலுத்திச் சிக்க வைத்தால்தான், கைக்குத் திரும்பும் வகை. இதற்கென்றே விற்கப்படும் கவுண்டர்வெயிட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பொருளின் விலையைவிட அனுப்பும் செலவு அதிகமாகிறது என்பதால், வீட்டில் செய்துகொள்ள விரும்புகிறேன். ஹார்டுவேர் கடையில் வாங்கிய எம்10 நட்டு ஒன்று 11 கிராமுக்குச் சற்று அதிகமாக இருக்கிறது. துளையும் ஏற்கெனவே உள்ளது. அதையே கட்டிக்கொள்ளலாமா? எவ்வளவு எடை சரியாக இருக்கும்?

மாடித்தளம்:

நட்டைக் கட்டாதீர்கள். 5ஏ ஆட்டத்தில் கவுண்டர்வெயிட் ஒவ்வொரு சுற்றிலும் விரல் கணுக்களுக்கும் முகத்துக்கும் மிக அருகில் வருகிறது. கற்கும் காலத்தில் அது கையில் அடிக்காமல் இருக்காது. இரும்பின் விளிம்பு பட்டால் விரல் கிழியும், பல்லில் பட்டால் பல் உடையும், யோயோவின் மேல் பட்டால் அலுமினியத்தில் பள்ளம் விழும். அதோடு நட்டின் உட்புற மரை, நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். நூல் அறும் நேரத்தில் 66 கிராம் உலோகம் எந்தத் திசையில் போகும் என்பது யார் கையிலும் இல்லை.

எடையைப் பொறுத்தவரை 8 முதல் 12 கிராம் வரை பெரும்பாலோருக்குப் பொருந்தும். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நூலின் இரு முனைகளும் கையை விட்டு விடுபட்டிருக்கும்போது, யோயோவும் கவுண்டர்வெயிட்டும் தங்கள் பொது எடை மையத்தைச் சுற்றியே சுழல்கின்றன. நூலின் நீளம் 100 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 66 கிராம் யோயோவுக்கு 10 கிராம் எடையைக் கட்டும்போது அந்த மையம் யோயோவிலிருந்து ஏறத்தாழ 13 செ.மீ. தள்ளி அமைகிறது. அதாவது யோயோ சிறிய வட்டத்தில் அமைதியாகச் சுற்ற, கவுண்டர்வெயிட் பெரிய வட்டத்தில் அதைச் சுற்றி வருகிறது. 20 கிராம் கட்டினால் மையம் 23 செ.மீ. வரை விலகிவிடுவதால், யோயோவும் வெளியே இழுபட்டு அதன் சுழற்சித் தளம் சாயத் தொடங்கும். 5 கிராம் கட்டினால் 7 செ.மீ.தான், ஆனால் அந்த எடைக்கு நூலை விறைப்பாக வைத்திருக்கும் வலு போதாது, காற்றிலேயே நூல் தளர்ந்து மடங்கிவிடும்.

கோலிக்குண்டு:

மேலே சொல்லப்பட்டதை முழுமையாக ஆதரிக்கிறேன். அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்டீவ் பிரவுன் 1990களின் இறுதியில் இம்முறையை உருவாக்கியதிலிருந்து, கனசதுர வடிவப் பிளாஸ்டிக் தாயக்கட்டையும் துள்ளும் ரப்பர் பந்தும்தான் கவுண்டர்வெயிட்டாக அதிகம் புழங்கி வந்திருக்கின்றன. இரண்டையும் கடையில் வாங்கித் துளையிட்டுக்கொள்ளலாம். முதலில் கற்பவருக்கு நான் பரிந்துரைப்பது ரப்பர் பந்தையே. 27 மி.மீ. விட்டமுள்ள கெட்டி ரப்பர் பந்து ஏறக்குறைய 10 கிராம் இருக்கும். கையில் பட்டாலும் வலி குறைவு.

ஆனால் ரப்பரில் துளையிடுவதற்குப் பொறுமை வேண்டும். டிரில் பிட் சுழலும்போது ரப்பர் அதைக் கவ்விக்கொண்டு பந்து முழுவதையும் திருப்பிவிடும். ஆகவே பந்தைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து இறுகச் செய்து, வைஸ் என்ற இறுக்குப் பிடியில் துணி சுற்றிப் பிடித்து, 3 மி.மீ. பிட்டால் மெதுவாக, அடிக்கடி வெளியே எடுத்துத் தூளை உதறிவிட்டுத் துளையிடுங்கள். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு துளையிடுவது கூடவே கூடாது. ஒரு பக்கத்திலிருந்தே மறுபக்கம் வரை போனால் துளை மையத்தை விட்டு விலகிவிடும். எதிரெதிரான இரண்டு புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, இரு பக்கமிருந்தும் பாதி பாதியாகத் துளைத்து நடுவில் சந்திக்க வையுங்கள். துளை மையத்தில் இல்லாத பந்து சுற்றும்போது தள்ளாடும், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகக் கைக்கு வரும்.

பிட்டை எடுத்தவுடன் ரப்பர் மீண்டும் சுருங்கித் துளை சிறுத்துவிடும் என்பதால், தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனா ரீஃபிலைக் கழுவி, பந்தின் விட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவாக நறுக்கி உள்ளே செருகிவிடுவது நல்லது. நூல் ரப்பரோடு உராயாமல் அந்தக் குழாய்க்குள் வழுக்கிச் செல்லும். ரீஃபிலின் வெட்டிய வாயைப் பொடி உப்புக்காகிதத்தால் தேய்த்து மழுங்கச் செய்ய மறக்காதீர்கள். மெல்லிய கம்பியை மடித்துக் கொக்கியாக்கி நூலை இழுத்து, முனையில் சிறு பிளாஸ்டிக் மணி ஒன்றைக் கோத்து, அதன் பிறகு முடிச்சுப் போடுங்கள். மணி இல்லாவிட்டால் முடிச்சு நாளடைவில் துளைக்குள் புதைந்து, ஒருநாள் உருவிக்கொண்டு போய்விடும்.

தாயக்கட்டையும் நல்லதுதான், பிடிக்கும்போது விரலுக்குத் தெளிவாகத் தெரியும். வேகமாகத் துளையிட்டால் அக்ரிலிக் விரிசல் விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வடம்:

டிரில் இல்லாதவர்களுக்கு வேறொரு வழியைச் சொல்கிறேன். 16 மி.மீ. கண்ணாடிக் கோலிக்குண்டு 5 கிராமுக்குச் சற்று அதிகமாக இருக்கும். மெல்லிய நைலான் கயிற்றால் அதைச் சுற்றி, கப்பல்காரர்கள் கயிற்று நுனியில் போடும் உருண்டை முடிச்சைப் போட்டால், கயிற்றின் எடையும் சேர்ந்து 10 கிராமை நெருங்கும். வெளிப்புறம் முழுவதும் கயிறு என்பதால் அடி மென்மையாகப் படும், துளையிடும் வேலையும் இல்லை. முடிச்சின் ஒரு வளையத்துக்குள் யோயோ நூலைக் கோத்துக்கொள்ளலாம். கயிறு இறுக்கமாக இருக்கிறதா, கண்ணாடி எங்கும் வெளியே தெரிகிறதா என்று விளையாடும் முன் பாருங்கள். பளிச்சென்ற நிறத்தில் கயிறு வாங்கினால் சுழலும்போது கண்ணுக்கு எளிதில் அகப்படும்.

நூல்முனை:

மிக்க நன்றி. நட்டை ஒதுக்கிவிட்டு ரப்பர் பந்தையே தேர்ந்தெடுக்கிறேன். சமையலறைத் தராசு 1 கிராம் துல்லியத்தில்தான் காட்டுகிறது. அது போதுமா?

மாடித்தளம்:

ஒரு கிராம் முன்பின் இருந்தால் ஆட்டம் கெடாது. ஆனால் இத்தகைய தராசுகள் 10 கிராம் போன்ற சிறு எடையில் தடுமாறுவதுண்டு. காலிப் பாத்திரத்தை வைத்துவிட்டு அதில் பந்தைப் போட்டு, எடையில் ஏற்படும் வேறுபாட்டைப் பாருங்கள். தராசின் மேல் ஐயம் இருந்தால், 2011 முதல் 2018 வரையிலான ஆண்டு பொறித்த 6 கிராம் ஐந்து ரூபாய் நாணயத்தையும், 3.79 கிராம் ஒரு ரூபாய் நாணயத்தையும் சேர்த்து வைத்துச் சரிபார்க்கலாம். அவை இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 10 கிராம்.

கட்டி முடித்த பிறகு, மின்விசிறியும் டிவியும் இல்லாத திறந்த இடத்தில் தொடங்குங்கள். முதல் சில வாரங்களுக்குக் கண்களைக் காக்கும் மூக்குக்கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். கவுண்டர்வெயிட் பக்கத்து முடிச்சுக்கு அருகில் நூல் நைந்து பஞ்சாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பாருங்கள். சிறிது நைந்திருந்தாலும் நூலை மாற்றிவிடுங்கள்.