கூண்டிலிருந்து கழிக்கும் முட்டைக்கோழிகளை வீட்டில் வைத்து வளர்க்க முடியுமா?

வேப்பங்கொல்லை:

அனைவருக்கும் வணக்கம். ராசிபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் குடியிருக்கிறேன். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டின் பின்புறம் ஆறு சென்ட் காலி இடமும், இரண்டு வேப்பமரங்களும், மாடு வைத்துக்கொள்வதை விட்டபிறகு சும்மா கிடக்கும் ஒரு கொட்டகையும் உள்ளன. எங்கள் தெருவிலிருந்து அரைக் கிலோமீட்டர் தொலைவில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. அங்கே அடுத்த மாதம் ஒரு செட்டை, அதாவது கோழிக் கொட்டகையை, காலி செய்யப் போகிறார்கள். கழிக்கும் கோழிகளில் நான்கை மட்டும் கறிக்கு அல்லாமல் வளர்ப்பதற்காக வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

இந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு அந்தப் பண்ணையிலிருந்து போன லாரியிலிருந்து ஒரு வெள்ளைக்கோழி எப்படியோ தப்பி, விடியற்காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றது. கழுத்தில் இறகே இல்லை. கொண்டை வெளிறிப்போய்ச் சாய்ந்திருந்தது. கால் நகங்கள் கொக்கியைப் போல வளைந்திருந்தன. அரிசி போட்டேன், கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். அது கிண்ணத்தின் அருகிலேயே நின்று, கழுத்தை நீட்டி மேலே எதையோ தேடிக்கொண்டிருந்ததே தவிர, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மறுநாள் மாலை இறந்துவிட்டது. பண்ணைக்கோழி வெளியே பிழைக்காது என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அது உண்மைதானா? கோழி வளர்ப்பதில் எனக்கு இளம்வயதில் அம்மாவின் சிறுவிடைக் கோழிகளைப் பஞ்சாரம் போட்டு மூடிய அனுபவம் மட்டுமே இருக்கிறது. இந்தக் கோழிகளை வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:

வணக்கம் அம்மா. கால்நடைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்குமேல் ஆய்வாளராக இருந்தவன். என் வீட்டிலும் இதே வகைக் கோழிகள் ஆறு வளர்ந்திருக்கின்றன. பிழைக்காது என்பது பாதி உண்மைதான். உங்கள் கோழி எதனால் இறந்தது என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. லாரியிலிருந்து விழுந்ததில் உள்காயம் பட்டிருக்கலாம். ஆனால் அது மேலே எதைத் தேடியது என்பதை என்னால் சொல்ல முடியும். கூண்டில் தண்ணீர் கிண்ணத்தில் வருவதில்லை. தலைக்கு மேலே செல்லும் குழாயில் நிப்பிள் என்று ஒரு சிறு முனை இருக்கும்; கோழி அதை அலகால் தட்டினால் சொட்டுச் சொட்டாக வரும். பிறந்தது முதல் அப்படியே குடித்த கோழிக்குக் கீழே தேங்கியிருப்பதும் தண்ணீர்தான் என்பது தெரியாது. கொண்டுவந்த அன்று ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, மூக்குத் துளை நனையாதபடி அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் மூன்று நான்கு முறை தொட்டு எடுங்கள். ஒரு கோழி கற்றுக்கொண்டால் மற்றவை அதைப் பார்த்துக் குடிக்கும். அது முடியும் வரை ஒரு வாளியின் அடியில் நிப்பிள் பொருத்தித் தொங்கவிடுங்கள். நாமக்கல்லில் கோழிப்பண்ணைச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

தீவனமும் அப்படியே. அவற்றுக்குத் தெரிந்த உணவு, அரைத்த மாவாக வரும் முட்டைக்கோழித் தீவனம் மட்டும்தான். அரிசியையோ கம்பையோ தரையில் இறைத்தால் முதல் வாரம் உணவு என்றே கருதாது; கருதினாலும், குஞ்சாக இருக்கும்போதே மேல் அலகின் நுனியை வெட்டியிருப்பார்கள் என்பதால், தரையில் கிடக்கும் மணியைச் சரியாகப் பற்ற முடியாது. ஆழமான பாத்திரத்தில் பழைய தீவனத்தையே, ஒரு கோழிக்கு நாளுக்கு 110 கிராம் அளவில் வையுங்கள். தானியத்தைப் பிறகு சிறிது சிறிதாகக் கலந்துகொள்ளலாம். தனியே ஒரு சட்டியில் கிளிஞ்சல் எப்போதும் இருக்க வேண்டும். ஒரு முட்டையின் ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் தேவை. ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. தீவனத்திலிருந்து கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பைக் கரைத்துக் கொடுத்துவிடும். ஓராண்டுக்குமேல் அப்படிக் கொடுத்துவந்த உடம்பு இது. நடந்து பழகாத அந்தக் கால்கள் எளிதில் முறியும் என்பதால், இரவில் அமரும் கம்பு தரையிலிருந்து ஓரடிக்கு மேல் உயரக் கூடாது. முதல் சில இரவுகள் அதுகூட வேண்டியதில்லை. மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டுதான் தூங்கும், நீங்கள்தான் தூக்கிக் கம்பில் வைக்க வேண்டியிருக்கும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு, அதாவது ராணிக்கேட் நோய்க்கு, பண்ணையில் கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செல், அதாவது கோழிப்பேன், பிடித்திருந்தால் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு பள்ளத்தில் கொட்டிவையுங்கள். மற்றதைக் கோழி பார்த்துக்கொள்ளும். நாட்டுக்கோழி ஏதேனும் இருந்தால் முதல் மூன்று வாரம் ஒன்றாக விடாதீர்கள், கொத்தியே மூலையில் தள்ளிவிடும். வெள்ளை நிறம் பருந்தின் கண்ணுக்கு எளிதில் படும் என்பதையும், கீரி பகலில்தான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

லெஸ்டர் வாசி:

அக்கா, வணக்கம். நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கே இது பலரும் செய்யும் ஒன்று. என் தோட்டத்திலும் இப்போது நான்கு பண்ணைக்கோழிகள் திரிகின்றன. டெவன் பகுதியில் ஜேன் ஹோவர்த் என்ற பெண்மணி 2005இல் தொடங்கிய பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் டிரஸ்ட் என்ற அமைப்பு, பண்ணைகள் ஏறத்தாழ ஒன்றரை வயதில் கழிக்கும் கோழிகளைப் பெற்று வீடுகளுக்குக் கொடுக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்து, குறித்த நாளில் அட்டைப்பெட்டியுடன் போய் நன்கொடை கொடுத்துவிட்டு வாங்கி வர வேண்டும். முதல்முறை போனபோது பெண் பார்க்கப் போவதைப் போல எனக்குப் படபடப்பாக இருந்தது; பெட்டியிலிருந்து வெளியே வந்தவையோ இறகு கொட்டி, சந்தைக்குப் போகவே தயாராக இருப்பவைபோல் நின்றன. அத்தகைய கோழிகளுக்குக் கம்பளிச் சட்டை பின்னிப் போடும் வழக்கமும் இங்கே சிலரிடம் இருந்தது. பார்க்க அழகுதான், ஆனால் புதிய இறகு முளைப்பதை அது தடுக்கும் என்பதால் நான் போடவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். முதல் நாள் கதவைத் திறந்துவிட்டபோது நான்கும் வாசற்படியிலேயே நின்றன. புல்லின் மேல் காலை வைத்துப் பார்த்துவிட்டு, சுடுவதைப் போல எடுத்துக்கொண்டன. நான்காம் நாள் வெயில் அடித்தது. ஒன்று பூச்செடிப் பாத்தியில் உட்கார்ந்து மண்ணைச் சீய்த்தது. பிறகு ஒருக்களித்துப் படுத்து, சிறகால் மண்ணை வாரித் தன் முதுகில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு காலை நீட்டி அப்படியே கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்து ஓடினேன். அது ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டது. பிறந்ததிலிருந்து மண்ணையே பார்க்காத ஒரு பிராணிக்கு மண் குளியல் யார் சொல்லிக் கொடுத்தது என்று அன்று இரவு முழுவதும் எனக்கு அதே நினைப்பு. உங்கள் சாம்பல் பள்ளத்தின் அருகே ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள், அக்கா.

இங்கே எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். பழைய வகை வெறுங்கூண்டுகள் 2012 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் தடை செய்யப்பட்டன. ஆனால் ஒரு கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் இடம் கொடுக்கும் வசதிக் கூண்டுகள் இன்னும் இருக்கின்றன. ஒரு ஏ4 தாளின் பரப்பு 624 சதுர சென்டிமீட்டர். கூடுதலாகக் கிடைத்தது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கோழி வளர்த்தாலும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் முதல் சட்டம். வீட்டுச் சமையலறையில் மீந்த சோற்றைக் கோழிக்குப் போடுவதும் இங்கே குற்றம். என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

செட்டுக்காரர்:

நான் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். மற்றவர்கள் சொல்லாத இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

முதலாவது, கழிக்கும் கோழி என்றால் முட்டையிடுவதை நிறுத்திவிட்ட கோழி என்று பொருள் இல்லை. 72 வாரத்திலிருந்து 80 வாரம், சில சமயம் அதற்கும் மேல் வைத்திருப்போம். அப்போதும் பாதிக்கு மேற்பட்டவை தினமும் முட்டையிட்டுக்கொண்டுதான் இருக்கும். ஓடு மெலிந்து உடைசல் கூடும், முட்டை குறையும், தீவனச் செலவோ குறையாது; கணக்கு நம் பக்கம் சாயாத வாரத்தில் வியாபாரிக்குச் சொல்லிவிடுவோம். நாளிதழில் முட்டை விலையையொட்டி முட்டைக்கோழி கிலோ இவ்வளவு என்று வருகிறதே, அந்த விலை இந்தக் கோழிகளுக்கானதுதான். இதில் எனக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. ஆனால் நான்கு கோழியை மட்டும் கேட்டால் லாரிக்காரருடைய எடைக்கணக்கு முடிவதற்கு முன்பு வந்து கேளுங்கள். இரவில் ஏற்றும் நேரத்தில் வந்து நின்றால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். ஏற்றும்போது கால் முறிந்தவையும் இருக்கும் என்பதால், கூண்டிலிருந்தே உங்கள் கையால் எடுத்துக்கொள்வதும் நல்லது. இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தூக்காமல், சிறகோடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்து எடுக்க வேண்டும்.

இரண்டாவது, உங்கள் வீடு பண்ணையிலிருந்து அரைக் கிலோமீட்டர்தான் என்கிறீர்கள். வீட்டில் கோழி வைத்திருப்பவர்களை வேலைக்கே எடுக்காத பண்ணைகள் இருக்கின்றன. காரணம், கொல்லைக் கோழியிடமிருந்து செருப்பிலும் துணியிலும் ஒட்டி வரும் ராணிக்கேட் கிருமி ஒரு வாரத்தில் ஒரு செட்டையே சாய்த்துவிடும். நாங்கள் தடுப்பூசி போட்டிருந்தாலும் பயம் பயம்தான். ஆகவே கோழிகளை வாங்கிச் சென்றபிறகு அந்தப் பண்ணைப் பக்கம் போகாதீர்கள், தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள், ஏதேனும் செத்தால் வீசியெறியாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். 2023இல் மத்திய அரசு ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் இடம் வேண்டும் என்று விதி கொண்டுவந்திருக்கிறது. லெஸ்டரிலிருந்து எழுதியவர் தம் ஏ4 தாளோடு இதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

காவிரிக்கரை:

எனக்கு ஒரு தயக்கம் உண்டு. காசு கொடுத்து வாங்கும்போது அந்தக் கூண்டுத் தொழிலுக்கே நாம் இன்னும் நான்கு கோழியின் விலையைச் சேர்த்துக் கொடுக்கிறோம் அல்லவா? அந்த நான்கு கூண்டு இடங்களும் எப்படியும் நிரம்பத்தான் போகின்றன.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:

நிரம்பும், ஐயா. இந்த அம்மா வாங்கினாலும் நிரம்பும், வாங்காவிட்டாலும் நிரம்பும். தொழிலைத் திருத்த விரும்புகிறவர் முட்டை வாங்கும் கடையில்தான் தொடங்க வேண்டும். இவர் கேட்டது நான்கு கோழிகளைப் பற்றி.

அம்மாவுக்கு ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. இந்த வகைக் கோழி நீண்டகாலம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முட்டை உள்ளே சிக்கிக்கொள்வதும், வயிற்றுக்குள் உடைந்து சீழ் பிடிப்பதும் இவற்றுக்கு வழக்கமான சாவு. வாலைத் தொங்கப்போட்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால் உடனே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள், உங்களுக்குப் பக்கம்தான். என்னிடம் இருந்த ஆறில் ஒன்று மூன்று வாரமும் ஒன்று நான்கு ஆண்டும் இருந்தன.

வேப்பங்கொல்லை:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. செட்டைக் காலி செய்வதற்கு இரண்டு நாள் முன்பே போய்க் கேட்டேன். பண்ணைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எடைக்குரிய விலையை மட்டும் வாங்கிக்கொண்டு, பையன் ஒருவனை உடன் அனுப்பினார். நான்கு கோழிகளை என் கையாலேயே எடுத்தேன்.

ஒன்று ஒன்பதாம் நாள் இறந்தது. ஆய்வாளர் ஐயா சொன்ன அறிகுறிகள் அத்தனையும் இருந்தன. கல்லூரிக்குக் கொண்டு போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. செட்டுக்காரர் சொன்னபடியே புதைத்தோம்.

மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன. தண்ணீர் குடிக்க முதலில் கற்றுக்கொண்டது எது தெரியுமா? மூன்றிலும் மிக மெலிந்தது. வாளி நிப்பிளிலிருந்து சொட்டிய தண்ணீர் கீழே மண்ணில் தேங்க, அது குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தது, தலையைத் தூக்கி விழுங்கியது, மறுபடியும் குனிந்தது. அன்று மாலை மூன்றும் கிண்ணத்தில் குடித்தன. எனக்குச் சென்ற ஆண்டின் அந்தக் கோழி நினைவுக்கு வந்து கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது கொண்டைகள் செம்பருத்தி நிறத்துக்கு வந்துவிட்டன, கழுத்தில் முள் இறகு முளைக்கிறது. சாணியும் பழைய சாக்கும் அடைத்த பானையைக் கவிழ்த்துவைத்து அம்மா பிடித்ததைப் போலவே கரையான் பிடித்துப் போடுகிறேன். முதல் நாள் கரையானைப் பார்த்துப் பயந்து ஓடியவை இப்போது பானையைத் தூக்கும் சத்தத்துக்கே வந்து நிற்கின்றன. இவை குழம்புக்கா என்று கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், சாயங்காலம் அவற்றை அடைக்கும் வேலையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டார். முட்டை நாளுக்கு ஒன்றோ இரண்டோ கிடைக்கிறது.

ஒரு சந்தேகம். அந்த மெலிந்த கோழி மூன்று நாளாகக் கம்பில் அமராமல், இருட்டும் நேரத்தில் வேப்பமரத்தின் கீழ்க்கிளைக்குப் பறந்து ஏறிவிடுகிறது. கிளை ஐந்தடி உயரம் இருக்கும். சிறகை வெட்டிவிட வேண்டும் என்கிறார்கள். வெட்டலாமா?

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:

சிறகை வெட்டாதீர்கள் அம்மா. நாய் துரத்தினால் அது தப்பிக்க வேறு வழி இருக்காது. ஏறுவதில் ஆபத்தில்லை, காலையில் ஐந்தடியிலிருந்து குதிப்பதில்தான் எலும்பு முறியும். அந்தக் கீழ்க்கிளையைக் கழித்துவிடுங்கள். பத்து நாளைக்குப் பொழுது சாய்வதற்கு அரை மணி நேரம் முன்பே கொட்டகைக்குள் தீவனம் வைத்துக் கூப்பிடச் சொல்லுங்கள்.

வேப்பங்கொல்லை:

சரி ஐயா. கிளையை நாளைக்கே கழித்துவிடுகிறோம். கூப்பிடுவதற்கு ஆள் ஏற்கெனவே தயார். நான்கு மணிக்கே தீவனச் சட்டியோடு கொல்லையில் நிற்கிறார்.