புதுப்பிப்பு: கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் வாங்கும் கதை

இலங்கையின் கிழக்குக் கரையில் பாசிக்குடாவில் உள்ள எங்கள் ஹோட்டலுக்கு ஒரு நாளைக்கு 50 கன மீட்டர் நன்னீர் தரும் இயந்திரம் வாங்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். கொழும்பு அலுவலகத்துக்கு விலைமனுக்கள் வந்துவிட்டன.

விலையை விட மின்சாரம்தான் விஷயம். வெளியேறும் உப்புநீரின் அழுத்த ஆற்றலை மீட்டு மீண்டும் பயன்படுத்தும் கருவியோடு வரும் நல்ல அமைப்புக்கு ஒரு கன மீட்டருக்கு 3, 4 யூனிட் போதும், அது இல்லாத சின்ன இயந்திரம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேலும் இழுக்கும், ஆனால் மலிவான விலைமனுவில் அந்தக் கருவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! கேட்டால் மழுப்புகிறார்கள்.

அப்புறம், உள்ளே எடுக்கும் கடல்நீரில் சுமார் 40 சதவீதம்தான் நன்னீராகும். அதாவது 125 எடுத்தால் 75 கன மீட்டர் கடும் உப்புநீராக வெளியே போகும். அதை எங்கே விடுவது? கரையோரம் பேணல் திணைக்கள அனுமதி இல்லாமல் குழாய் போட முடியாது, ஆகவே முற்பணம் கொடுப்பதற்கு முன் அதுதான் முதல் வேலை.

கடலில் நேரடியாகக் குழாய் போடாமல் கரையிலேயே கிணறு தோண்டச் சொன்ன அண்ணைக்கு நன்றி. மணலே பாதி வடிகட்டிவிடும், வடகீழ்ப் பருவமழையில் கலங்கும் தண்ணீருக்கு அதுதான் சரி. நீர் மாதிரியை மழைக்காலத்திலும் எடுக்கப் போகிறோம். அதுவரை பவுசரில் (லொறியில்) வரும் தண்ணீர்தான்.