மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா கிடக்கும் சப்நெட்டை ஏஜென்ட் அழிக்கப் போகிறது. டூல் விளக்கத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: மண்டபத்தான்

இங்கே மண்டபத்தில் இறால், நண்டு வாங்கி அனுப்புகிறவர்களுக்கு ஒரு மென்பொருள் நடத்துகிறோம். எடை, ஏல விலை, ஐஸ் கணக்கு எல்லாம் அதில்தான் ஏறும். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில், மும்பை ரீஜியனில் ஒரு விபிசி (எங்களுக்கென்று தனி நெட்வொர்க்). அதன் உட்பிரிவுகள்தான் சப்நெட். அந்த விபிசியைக் கவனிக்க ஓர் ஏஐ ஏஜென்ட் வைத்து, எம்சிபி (ஏஐயை வெளி டூல்களோடு இணைக்கும் நெறிமுறை) வழியாக டூல்களைக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு டூலுக்கும் அது என்ன செய்யும் என்று ஒரு விளக்கம் உண்டு, ஏஜென்ட் அதைப் படித்துத்தான் டூலைத் தேர்ந்தெடுக்கும்.

சோதனைக் கணக்கில் "பயன்படாததைச் சுத்தம் செய்" என்றேன். ஏலத்துக்கான சப்நெட்டையே நீக்கக் கிளம்பிவிட்டது. விசைப்படகு ஓடாத நாட்களில் அதில் போக்குவரத்து கிடையாது, அவ்வளவுதான். இன்னொன்று: ஒரு சர்வருக்கு போர்ட் திறக்கச் சொன்னால் செக்யூரிட்டி குரூப்பை (அந்த சர்வருக்கான அனுமதி விதிகள்) விட்டுவிட்டு நெட்வொர்க் ஏசிஎல்லைத் (சப்நெட் முழுக்கான விதிகள்) தொடுகிறது. விளக்கங்கள் இப்போது "சப்நெட்டை நீக்கும்", "ஏசிஎல் விதியைச் சேர்க்கும்" என்று ஒற்றை வரிதான். பெரிய மாடலுக்கு மாறலாம் என்கிறார் கூட்டாளி. எனக்கு நம்பிக்கை இல்லை.

பதில்: தொண்டிக்காரன்

மாடலை மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள் தம்பி. "சப்நெட்டை நீக்கும்" என்பது டூலின் பெயரிலேயே இருக்கிறது. அதையே விளக்கத்திலும் சொன்னால் ஏஜென்ட்டுக்குப் புதிதாக என்ன தெரியும்? எப்போது தொடக்கூடாது, தொட்டால் என்ன போகும், அதற்குப் பதில் எந்த டூல் என்பதையெல்லாம் எழுதுங்கள். நானாக இருந்தால் இப்படி:

"காலியான சப்நெட்டை நிரந்தரமாக நீக்கும். காலி என்றால் அதில் ஒரு நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்கூட (சர்வர் போன்றவற்றின் நெட்வொர்க் இணைப்பு) இல்லை என்று பொருள். போக்குவரத்து இல்லாதது காலி ஆகாது. முதலில் இன்டர்ஃபேஸ் பட்டியல் டூலை அழை. டிபென்டன்சி வயலேஷன் (வேறு ஏதோ இன்னும் இதைச் சார்ந்திருக்கிறது) பிழை வந்தால், தடையாக இருப்பதை நீக்கிவிட்டு மறுபடி முயலாதே. எது தடுக்கிறது என்று சொல்லிவிட்டு நிறுத்து."

அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். பிழை வந்தால் வழியை மறிப்பதை அகற்றிவிட்டு மேலே போகப் பார்ப்பது ஏஜென்ட்டுகளின் பழக்கம். சப்நெட்டில் ஆரம்பித்து சர்வரில் போய் முடியும்.

ஏசிஎல் குழப்பம் வருவது இயல்புதான், இரண்டுமே "விதி சேர்க்கும்" டூல். செக்யூரிட்டி குரூப் இன்டர்ஃபேஸோடு ஒட்டியது. அனுமதி மட்டுமே தரும், மறுமொழி தானாகத் திரும்பும். ஏசிஎல் முழு சப்நெட்டுக்கும் பொருந்தும்; தடுக்கவும் செய்யும், சிறிய எண் உள்ள விதி முதலில் பார்க்கப்படும், திரும்பும் வழியைத் தனியாகத் திறக்க வேண்டும். ஆகவே ஏசிஎல் டூலின் முதல் வரியே "ஒரு சர்வருக்கு போர்ட் திறக்க இது வேண்டாம், செக்யூரிட்டி குரூப் டூலை அழை. ஓர் ஐபி வரம்பைச் சப்நெட் முழுக்கத் தடுக்க மட்டும் இது" என்று இருக்கட்டும்.

பதில்: கீழக்கரை நெட்

தொண்டிக்காரர் சொன்ன இன்டர்ஃபேஸ் கணக்கு பாதிதான் காப்பாற்றும். தடைக்காலத்தில், தேவைக்கேற்ப சர்வர்களைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஸ்கேலிங்கைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் சப்நெட் நிஜமாகவே காலிதான். அப்போது பிழையும் வராது, நீக்கமும் நடந்துவிடும்.

உடனே "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீக்காதே" என்று தேதியை எழுதத் தோன்றும். வேண்டாம். 45 நாளாக இருந்த தடை 61 நாளானது. நாளைக்கு மறுபடி மாறினால் டூல் விளக்கத்தைத் திருத்த யாருக்கு ஞாபகம் வரும்? தவிர நாட்டுப்படகு அந்த நாட்களிலும் கடலுக்குப் போகிறது. சப்நெட்டில் "பருவம்" என்று ஒரு டேக் (அடையாளச் சீட்டு) போட்டு, "இந்த டேக் இருந்தால் எந்தக் காரணத்துக்கும் நீக்காதே" என்று எழுதினால் போதும். ஏடபிள்யூஎஸ்ஸில் யாருக்கு என்ன அனுமதி என்று தீர்மானிக்கும் ஐஏஎம் கொள்கையிலும் அந்த டேக்குக்கு நீக்கும் உரிமையை மறுத்துவிடுங்கள். விளக்கம் என்ன சொன்னாலும் அது பூட்டு ஆகாது. எம்சிபியில் இருக்கும் "டிஸ்ட்ரக்டிவ் ஹிண்ட்" (இந்த டூல் எதையாவது அழிக்கக்கூடும் என்ற) குறியும் வெறும் குறிப்புதான்.

மண்டபத்தான்:

நன்றி கீழக்கரை காக்கா, டேக் யோசனை சரி. நீக்கும் முன் டிரை ரன் (நிஜமாக நீக்காமல் ஒத்திகை) போடச் சொல்லலாமா?

கீழக்கரை நெட்:

போடலாம், ஆனால் அது அனுமதி இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். நீக்கினால் என்ன ஆகும் என்று சொல்லாது. அனுமதி இருந்தால் "டிரை ரன் ஆபரேஷன்" என்று பிழை வடிவத்தில்தான் பதில் வரும். அதைத் தோல்வி என்று நினைத்து ஏஜென்ட் வேறு வழி தேட ஆரம்பிக்கும். இதையும் விளக்கத்தில் ஒரு வரி சேருங்கள்.

தொண்டிக்காரன்:

டேக் விஷயத்தில் காக்கா சொல்வதுதான் சரி. சோதிக்கும்போது நீங்களே சுத்தமான வாக்கியம் எழுதிக் கொடுக்காதீர்கள் தம்பி. ஐஸ் கம்பெனி ஆள் போனில் சொல்வது போல, "புது இன்டர்நெட் மாத்துனோம், உள்ள போக மாட்டேங்குது" என்று கொடுத்துவிட்டு, எந்த டூலைக் கூப்பிடுகிறது என்று பாருங்கள்.