0.91 என்ற மதிப்பெண் எங்கிருந்து வந்தது?

முதல் பகிர்வு

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில், இதயத் தசை நோய் ஒன்றில் இயல்பைவிடக் கூடுதலாக வெளிப்படும் (அதாவது, செயல்படும்) மரபணுக்களின் பட்டியலை நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். அவற்றுள் ஒன்றைப் பற்றி அதுவரை ஏறத்தாழ எதுவுமே எழுதப்பட்டிருக்கவில்லை. மனித மரபணுக்களையும் உயிரியல் செயல்முறைகளையும் நோய்களையும் ஒரே வலைப்பின்னலில் இணைத்து, இன்னும் நிறுவப்படாத தொடர்புகளைக் கணித்துச் சொல்லும் கருவி ஒன்றில் அதன் பெயரை இட்டேன். தசைச் சுருக்கத்தோடும் அதே நோயோடும் அதற்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று, உச்சவரம்பு 1 ஆக உள்ள அளவுகோலில் 0.91 மதிப்பெண்ணோடு விடை வந்தது. அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை.

ஒரு மரபணு எவற்றோடு சேர்ந்து வெளிப்படுகிறது, அதன் புரதம் எந்தப் புரதங்களோடு பிணைகிறது என்று பார்த்து, அந்தக் கூட்டாளிகளின் வேலையே இதன் வேலையாகவும் இருக்கும் என்று ஊகிப்பதே இக்கணிப்புகளின் அடிப்படை. புரதங்களுக்கான மனித மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 இருக்க, ஆய்வுகளில் பெரும்பகுதி அவற்றுள் சிலவற்றையே சுற்றிவருவதால், மற்றவற்றை அணுகுவதற்கு இந்த ஊகம் உண்மையாகவே தேவைப்படுகிறது.

“இந்த எண் எங்கிருந்து வந்தது?” என்று என் நெறியாளர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மூன்று வாரங்கள் செலவிட்டு ஒவ்வொரு சான்றாகப் பின்தொடர்ந்தேன். மரபணுக்களின் வேலைகளைத் தொகுத்துவைக்கும் ஜீன் ஆன்டாலஜி என்ற தரவுத்தளத்தில் இருந்த குறிப்பு, ஆய்வாளர் எவரும் சரிபார்க்காமல் கணினி தானாகவே இட்டது. கட்டுரைகளிலிருந்து திரட்டிய சான்றும் புரதப் பிணைப்புச் சான்றும் ஒரே கட்டுரையில் போய் முடிந்தன. நான்காவதுதான் என்னை உலுக்கியது: மரபணுக்கள் சேர்ந்து வெளிப்படுவதற்குச் சான்றாகக் கருவி எடுத்துக்கொண்டிருந்த பொதுத் தரவில், என் பட்டியல் உருவான அதே தரவும் அடங்கியிருந்தது. நான் கேட்ட கேள்வியையே கருவி எனக்குப் பதிலாகத் திருப்பித் தந்திருந்தது. அந்தத் தரவை விலக்கி மீண்டும் கணித்தபோது மதிப்பெண் 0.34 ஆகக் குறைந்தது.

இரண்டாம் பகிர்வு

நண்பரின் அனுபவத்தைப் படித்தபோது எனக்கு நேர்ந்ததும் நினைவுக்கு வந்தது. கேட்டலேஸ் நொதிக்கான மரபணுவின் குறியீடு, ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் சொல்லும் ஆகும். ஆஸ்துமாவோடு அதற்கு மிக வலுவான தொடர்பு இருப்பதாக, ஆய்வுக் கட்டுரைகளின் வாக்கியங்களிலிருந்து திரட்டிய ஒரு கணிப்பு காட்டியது. மூல வாக்கியங்களைத் திறந்து பார்த்தால், அவற்றுள் பல பூனை ஒவ்வாமையைப் பற்றியவை. ஆக்சிஜனேற்ற அழுத்தம் பற்றிய சில வாக்கியங்கள் உண்மையாகவே அந்த நொதியைப் பற்றியவை என்பதால், முழுவதையும் தள்ளிவிடவும் இயலவில்லை. வாக்கியம் வாக்கியமாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

உடற்பருமனில் இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. எஃப்.டி.ஓ. மரபணுவுக்குள் இருக்கும் மாறுபாடுகள் உடற்பருமனோடு தொடர்புடையவை என்று 2007இல் கண்டறியப்பட்டதும், அந்த மரபணுவே காரணம் என்று கருதுவது இயல்பாக இருந்தது. ஆனால், அந்தப் பகுதி டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 5 லட்சம் காரஇணைகள் (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள்) தள்ளியுள்ள ஐ.ஆர்.எக்ஸ்.3 மரபணுவின் வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்துகிறது என்பதை 2014, 2015 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே, ‘அருகில் இருக்கிறது’ என்பதை மட்டுமே ஆதாரமாகக் கொண்ட எந்தக் கணிப்பையும் நான் தனிநிறக் குறியிட்டு ஒதுக்கி வைக்கிறேன். தங்கள் மரபணுவை முற்றிலும் கைவிட்டுவிட்டீர்களா?

முதல் பகிர்ந்தவரின் மறுமொழி

இல்லை. 0.34 என்பது தொடர்பே இல்லை என்று பொருள்படாது. யாரும் இன்னும் பார்க்கவில்லை என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம். அந்த மரபணுவின் வெளிப்பாட்டை ஒடுக்கிய இதயத் தசைச் செல்களை இப்போது வளர்த்துவருகிறோம். அவை சுருங்கும் வேகத்தை அடுத்த வாரம் முதன்முறையாக அளக்கவிருக்கிறோம்; எது சோதனைச் செல், எது ஒப்பீட்டுச் செல் என்பது அளப்பவருக்குத் தெரியாதபடி தட்டுகளுக்கு எண் மட்டுமே இட்டிருக்கிறேன்.