கொழும்பில் 1/24 அளவு (உண்மை வண்டியின் 24இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடல் கார், லொறி கட்டுவோர் அனுபவம்: ஈரக்காற்று, உள்ளூர் பெயின்ட், வலப்பக்க ஸ்டியரிங்

கொட்டாஞ்சேனை கராஜ்

கிட் பெட்டிக்குள் வரும் தாள் ஜப்பானிலோ இத்தாலியிலோ எழுதப்பட்டது. அந்த ஊர்க் காற்றுக்கும் அந்த ஊர்க் கடைக்கும் அது சரி. கொழும்பில் கட்டுகிறவர்கள் கண்டதை இங்கே எழுதுங்கள். "வடிவா வந்தது" என்று படம் மட்டும் போட்டால் புதுப் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது. என்ன பெயின்ட், எத்தனை பங்கு தின்னர், எத்தனை பிஎஸ்ஐ காற்றழுத்தம், எங்கே பழுதானது, ஏன் பழுதானது என்று எழுதுங்கள். அதிகம் பேர் கேட்பது பளபளப்பான கறுப்பில் வரும் வெண்படலம். அதிலிருந்து தொடங்குவோம்.

வெள்ளவத்தை மூன்றாம் மாடி

வெண்படலம் பெயின்டின் குற்றமல்ல, தண்ணீர். லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பின் சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. மேற்பரப்பு பனிநிலைக்கு (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் சூடு) கீழே குளிர்ந்தால் காற்றிலுள்ள ஈரம் ஈரப் பெயின்டின் மேல் படிந்து உள்ளே சிக்கிவிடும். கணக்கைப் பாருங்கள். 30 பாகை, 80 வீத ஈரப்பதன் என்றால் பனிநிலை ஏறக்குறைய 26 பாகை. நாலு பாகை குளிர்ந்தாலே போதும், படலம் வந்துவிடும். அதே 30 பாகையில் ஈரப்பதன் 60 வீதம் என்றால் பனிநிலை 21 பாகையைத் தாண்டித்தான் நிற்கும். எட்டுப் பாகைக்கு மேல் இடைவெளி கிடைக்கிறது. வித்தியாசம் முழுக்க இங்கேதான்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது பெயின்ட் அல்ல, சின்ன டிஜிட்டல் ஈரமானி. அடிக்கும் இடத்திலேயே வையுங்கள். 65 வீதத்துக்குக் கீழே பளபளப்பு நிறம் அடிக்கலாம். 75க்கு மேல் பிரைமரும் மங்கல் நிறமும் மட்டும். கொழும்பில் காலையிலும் இரவிலும் ஈரம் கூட. வெயில் நாளில் 11 மணியிலிருந்து 3 மணி வரை குறைவு. வருஷத்தில் ஜனவரி, பெப்ரவரி நல்ல காலம். ஒக்டோபர், நவம்பர் மழையில் உடல் பெயின்டை ஒத்திவைத்து சேசி, இன்ஜின், சீட் வேலைகளை முடிப்பது புத்தி.

தின்னரும் மாற வேண்டும். கெதியாக ஆவியாகும் சாதாரண லாக்கர் தின்னருக்குப் பதில் மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர், அல்லது தமியாவின் ரிட்டார்டர் கலந்த லாக்கர் தின்னர். அவை மெதுவாகப் போகும், அதனால் மேற்பரப்பு அவ்வளவு குளிராது. பெயின்ட் ஒரு பங்கு, தின்னர் ஒன்றரை முதல் இரண்டு பங்கு, எயார்பிரஷ்ஷில் (காற்றால் பெயின்ட் தூவும் சின்னக் கருவி) 0.3 மி.மீ. நொசில், 15 முதல் 18 பிஎஸ்ஐ. முதல் இரண்டு பூச்சு தூவல் மட்டும், மூன்றாவதுதான் ஈரமாக.

படலம் வந்துவிட்டதா? தேய்க்க வேண்டாம். ஈரம் குறைந்த நேரம் பார்த்து, லெவலிங் தின்னரை மட்டும் கப்பில் ஊற்றி மெல்லிய தூவலாக அடியுங்கள். மேல்தோல் மறுபடி இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, கறுப்பு திரும்பி வரும். இரண்டு தூவலில் சரிவராவிட்டால் நிறுத்திவிட்டு ஒரு நாள் காயவிடுங்கள். அளவு மீறினால் விளிம்புகளில் பெயின்ட் ஓடி பிளாஸ்டிக் தெரியும்.

பம்பலப்பிட்டி தம்பி

அண்ணா, அப்படியென்றால் ஏசி அறைக்குள் அடித்தால் சரிதானே?

வெள்ளவத்தை மூன்றாம் மாடி

இல்லை தம்பி, இரண்டு காரணம். பூட்டிய அறையில் லாக்கர் ஆவி தேங்கும். அது தீப்பிடிக்கும், நுரையீரலுக்கும் கூடாது. வெளியே தள்ளும் ஃபேன் பூட்டினால் மோட்டரின் தீப்பொறி ஆவியில் படாத வகைதான் வேண்டும். தூசுக்குப் போடும் வெள்ளை மாஸ்க் ஆவியைத் தடுக்காது; கரிம ஆவியைத் தடுக்கும் காட்ரிஜ் உள்ள ரெஸ்பிரேட்டர் போடுங்கள்.

இரண்டாவது, பலர் கவனிக்காதது. ஏசியில் 22 பாகைக்குக் குளிர்ந்த பொடியை (வண்டியின் உடல் பகுதி) பல்கனிக்குக் கொண்டு வந்தால், பெயின்ட் படுவதற்கு முன்பே அதன்மேல் ஈரம் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, பிறகு பெயின்ட் கொப்பளிக்கும். ஏசியில் இருந்த பொடியை வெளியே எடுத்து அரைமணி நேரமாவது மூடி வைத்து, சூடு சமமான பிறகு அடியுங்கள். ஏசி அறை காய வைக்க நல்லது, அதுவும் மணம் அடங்கிய பிறகு.

மருதானை நானா

கொம்பிரஸரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அழுத்தும்போது காற்று சூடாகிறது, குழாயில் போகப் போகக் குளிர்ந்து தண்ணீராகிறது. கொம்பிரஸரோடு ஒட்டிய ஈரப்பொறி (காற்றிலுள்ள தண்ணீரைப் பிடித்து வைக்கும் வடிகட்டி) மட்டும் போதாது, எயார்பிரஷ் கைப்பிடிக்குக் கிட்ட இன்னொன்று பூட்டுங்கள். வேலை முடிந்ததும் டாங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை விட்டுவிடுங்கள். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் பொனட் நடுவில் திடீரென்று ஒரு துளி தெறிக்கும்.

இனி பெயின்ட் கிடைப்பது. வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினரிடம் ஸ்ப்ரே டின் சொல்லிவிடாதீர்கள். பெயின்ட் ஸ்ப்ரேயும் லாக்கர் போத்தலும் விமானப் பொதியில் கொண்டுவர முடியாத பொருள்கள். தண்ணீரில் கரையும் வல்லெஹோ போன்ற அக்ரிலிக் மட்டும் சொல்லலாம்.

கார் பெயின்ட் இங்கேயே இருக்கிறது. பஞ்சிகாவத்தைப் பக்கம் மோட்டர் பெயின்ட் கலக்கும் கடைகளில் நிறக் குறியீட்டைச் சொல்லிக் குறைந்த அளவு கேளுங்கள். டொயோட்டா வெள்ளை என்றால் 040. உண்மையான வண்டியின் நிறமே கிடைப்பது பெரிய லாபம். ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஹார்டனர் சேர்க்கும் இரட்டைப் பெயின்டில் மூச்சுக்கு நஞ்சான ஐசோசயனேட் உண்டு, வீட்டில் அது வேண்டவே வேண்டாம், என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) அல்லது அக்ரிலிக் லாக்கர் கேளுங்கள். மெட்டாலிக்கில் உள்ள வெள்ளித் துகள் உண்மையான காருக்கு அளவானது, 1/24 பொடியில் 24 மடங்கு பெரிதாகத் தெரியும். திட நிறங்களை மட்டும் எடுங்கள். கடைத் தின்னர் கிட்டின் பிளாஸ்டிக்கான ஸ்டைரினைத் தின்னும். மேற்பரப்பில் மெல்லிய வெடிப்பு வலை விழும். அதனால் மிஸ்டர் சர்ஃபேசர் 1000 அல்லது 1500 பிரைமரால் மூடிய பிறகே அடிக்க வேண்டும், அதுவும் முதலில் உலர்ந்த தூவலாக. பொடியின் உட்புறத்தில் ஒரு சதுர அங்குலம் அடித்துப் பார்க்காமல் வெளியே அடிக்காதீர்கள்.

சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த பொடிக்கு வெள்ளை அடித்தால் சாயம் கசிந்து இளஞ்சிவப்பாகும். இடையில் வெள்ளி நிறம் ஒரு பூச்சு கொடுத்தால் தடுக்கலாம்.

கொட்டாஞ்சேனை கராஜ்

கருவிகளுக்கு ஒரு வார்த்தை. செட்டியார் தெருவில் நகைத் தொழிலாளருக்கு விற்கும் கடைகளில் கைத்துளைப்பான், 0.5 முதல் 1 மி.மீ. வரை துளை ஊசிகள், ஊசி அரங்கள், நுனி கூரான சாமணம் எல்லாம் கிடைக்கும். மாடல் கருவி என்று பெட்டி போட்டு வருவதைவிட அவை உறுதி. 400 முதல் 2000 வரையான தண்ணீர்த் தாள் (நனைத்துத் தேய்க்கும் தாள்) பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் எடுக்கலாம்.

தெமட்டகொடை லொறி

நான் லொறிக்காரன், லொறியைப் பற்றி எழுதுகிறேன். இத்தாலேரியின் 1/24 ஐரோப்பிய லொறிகளும் வேறு கம்பனிகளின் 1/25 அமெரிக்க லொறிகளும் பெரும்பாலும் இடப்பக்க ஸ்டியரிங். நம் வீதியில் ஓடுகிற வண்டியாக்க வேண்டும் என்றால் டாஷ்போர்டை மாற்றியே ஆகவேண்டும். எம்ஹாரின் 1/24 பெட்ஃபோர்ட் ஓ தொடர் கிட் பிரித்தானிய வண்டி என்பதால் இந்தத் தொல்லை இல்லை. பழைய கால லொறி கட்ட விரும்புகிறவர்கள் அதைத் தேடிப் பிடியுங்கள்.

டாஷ்போர்டை மீட்டர்ப் பகுதி, நடுப்பகுதி, சாமான் பெட்டிப் பகுதி என்று மூன்றாகப் பாருங்கள். மெல்லிய ரேசர் வாளால் இரண்டு வெட்டு. இரண்டு ஓரத் துண்டுகளையும் இடம் மாற்றுங்கள். வாள் தின்ற அகலத்தை 0.25 மி.மீ. பிளாஸ்டிக் கீற்றால் நிரப்பாவிட்டால் டாஷ் ஒடுங்கி, கேபினின் பக்கச் சுவரில் இடைவெளி தெரியும். ஓட்டுநர் பக்கம் வளைந்த டாஷ் என்றால் மீட்டர்ப் பகுதியை அப்படியே நகர்த்த முடியாது, வளைவு எதிர்ப்பக்கம் பார்க்கும். அதை அரத்தால் எடுத்துவிட்டு புட்டியால் (நிரப்பும் பசை) மறுபடி கட்டுவதுதான் சுத்தம்.

டாஷோடு விட்டால் வேலை பாதி. பெடல், ஸ்டியரிங் தண்டு, சேசியில் ஸ்டியரிங் பெட்டி, அங்கிருந்து முன் அச்சுக்குப் போகும் தடி, ஓட்டுநர் சீட், வைப்பர் படுத்திருக்கும் பக்கம் எல்லாம் மாற வேண்டும். வைப்பரைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற பொருள் என்பதால் பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும். கிட்டில் வைப்பர் வார்ப்போடு சேர்ந்திருந்தால் செதுக்கி எடுத்து, 0.3 மி.மீ. செப்புக் கம்பியில் புதிதாகச் செய்யுங்கள்.

டயருக்கு வருவோம். இங்கே லொறி, பஸ் பலவற்றில் 10.00-20 டயர். வெளிவிட்டம் 1050 மி.மீ. அளவு, 1/24இல் 44 மி.மீ. ஐரோப்பிய 22.5 அங்குல ரிம் டயரும் கிட்டத்தட்ட அதே வெளிவிட்டம்தான், ஆகவே கிட் டயரை வைத்துக்கொள்ளலாம். மாறுவது ரிம். 22.5 அங்குலம் 1/24இல் ஏறக்குறைய 24 மி.மீ., 20 அங்குலம் 21 மி.மீ. 1 மி.மீ. ஸ்டைரின் தகட்டில் வெளியே 24, உள்ளே 21 என்று வளையம் வெட்டி, டயர் நிறத்தில் அடித்து முகத்தில் ஒட்டினால் டயர்ச் சுவர் தடிக்கும், ரிம் சிறுக்கும். அந்த மூன்று மில்லிமீட்டரில் வண்டி ஐரோப்பாவிலிருந்து ஆமர் வீதிக்கு வந்துவிடும்.

பலகைப் பெட்டி: உண்மையான பலகை ஓர் அங்குலத் தடிப்பு என்றால் 1/24இல் 1 மி.மீ. ஐஸ்கிரீம் குச்சி 2 மி.மீ., பக்கப் பலகைக்குத் தடிப்பு கூட. அடியில் குறுக்குச் சட்டத்துக்குப் பொருந்தும். பக்கத்துக்கு மெல்லிய மர வெனீர். மரத்தை ஒட்டுமுன் நிறமூட்டுங்கள், பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. தார்ப்பாய்க்கு டிஷ்யூத் தாள், வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம பங்கு. கயிறுக்குத் தையல் நூலை மெழுகில் இழுத்து எடுங்கள். இழுக்காத நூலில் மயிர் சிலும்பி நின்று அளவைக் கெடுக்கும்.

ஸ்டைரின் தகடு கிடைக்காதவர்கள் யோகட் கப்பின் அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் ஸ்டைரின், தமியா எக்ஸ்ட்ரா தின் பசை பிடிக்கும். பழைய வங்கி அட்டை 0.76 மி.மீ., தட்டையானது, ஆனால் பி.வி.சி.; அதற்கு சுப்பர் குளூதான்.

வத்தளை டெக்கல்

எழுத்து இல்லாத லொறி எனக்கு லொறியாகத் தெரியாது. இன்க்ஜெட் டெக்கல் தாளில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படலம்) அச்சிட்டால் தண்ணீரில் போடுமுன் தெளிந்த லாக்கர் மூன்று மெல்லிய பூச்சு கொடுத்து ஒரு நாள் காயவிடுங்கள்; அவசரப்பட்டால் மை கரைந்தோடும். அச்சு இயந்திரம் வெள்ளை அடிக்காது. நிறமுள்ள பெட்டியில் எழுத்து விழ வேண்டுமானால் வெள்ளை அடித்தளத் தாள், அல்லது அந்த இடத்தில் முதலில் வெள்ளைப் பெயின்ட். இலக்கத் தகடு முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள்; இரண்டையும் ஒரே நிறத்தில் போட்ட மாடல்கள் நிறையக் காண்கிறேன். பஸ் கட்டுகிறவர்கள் 138, 100 போன்ற வீதி இலக்கப் பலகையை, எடுத்த படத்தை நேராக்கி அளவுக்குச் சுருக்கி அச்சிடலாம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் 10 முதல் 15 வினாடி, பிறகு தாளோடு வெளியே வைத்து ஒரு நிமிஷம். கீழே பளபளப்பு மேற்பரப்பு இருக்க வேண்டும், மங்கலின் மேல் போட்டால் அடியில் காற்று நின்று வெள்ளையாகும். மேலே தமியாவின் டிஎஸ்-13 கிளியர் ஸ்ப்ரே அடிப்பவர்கள் முதல் இரண்டு பூச்சைப் பத்து நிமிஷ இடைவெளியில் தூவலாகவே அடியுங்கள். எடுத்த எடுப்பில் ஈரமாக அடித்தால் டெக்கல் சுருங்கிவிடும்.

கிட்டோடு வரும் டெக்கல் தாளைத் திறந்த பெட்டியில் வைத்திருக்கவே கூடாது. இந்த ஈரத்தில் பசை இளகி மூடுதாளில் ஒட்டும். ஸிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள்.

பம்பலப்பிட்டி தம்பி

சுப்பர் குளூ பட்டு கண்ணாடி வெள்ளையாவதும் இதே ஈரத்தாலா?

வெள்ளவத்தை மூன்றாம் மாடி

ஆவியான குளூ காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகி, தூளாகக் கண்ணாடியில் படிகிறது. ஈரம் கூடினால் அதுவும் கூடும். கண்ணாடிக்கு வெள்ளைப் பசை மட்டும் பாவியுங்கள். குளூ போத்தலை சிலிக்கா ஜெல்லோடு மூடிய போத்தலுக்குள் பிரிட்ஜில் வைத்தால் நீண்ட நாள் இருக்கும். ஆனால் எடுத்தவுடன் திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும். குளிர்ந்த வாயில் ஈரம் படிந்தால் அங்கேயே இறுகும்.

மருதானை நானா

1/64 உலோகக் கார் பிரிப்பவர்களுக்கு: ரிவெட் நடுவில் குறி குத்தி, 1.6 மி.மீ. துளையை 6 மி.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். அதன் பிறகே 3.5 மி.மீ. துளையால் ரிவெட் தலையை மட்டும் எடுங்கள். வரிசையை மாற்றினால் சின்னத் துளை நடுவில் நில்லாது. 1.6 துளையில் எம்2 டாப் (திருகுக்கு மரை வெட்டும் கருவி) போட்டால் திருகால் மறுபடி பூட்டலாம். பெயின்ட் கழற்றிய உலோகத்தை அன்றே பிரைமர் அடியுங்கள். கடற்கரைப் பக்கம் வீடென்றால் உப்புக் காற்றில் அது கெதியாக மங்கும்.

தெமட்டகொடை லொறி

ஒன்று விடுபட்டது. பெட்டியில் டயரையும் ஸ்டைரின் உறுப்புகளையும் ஒன்றாக வைத்திருக்கிறவர்கள் இன்றே பிரியுங்கள். பழைய கிட்களின் வைனில் டயரிலிருந்து மென்மையூட்டி கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் ஸ்டைரினை உருக்கும், இங்கத்தைச் சூட்டில் இன்னும் கெதியாக. கட்டி முடித்த லொறியிலும் ரிமுக்கும் டயருக்கும் இடையில் அலுமினியத் தாள் ஒரு சுற்று சுற்றிப் பூட்டுங்கள்.