நாம் நேரில் கண்டதைப் படங்கள் எப்படிக் காட்டுகின்றன?

செவிலியர்

நீங்கள் நேரில் அனுபவித்த ஒன்றைத் திரையில் பார்த்தபோது எது நம்பும்படி இருந்தது, எது உறுத்தியது? ஆளுக்கொன்று எழுதுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன், நானே தொடங்கி வைக்கிறேன்.

மானிட்டரில் கோடு நேராகிவிடும். நீளமாக ஒரு பீப் சத்தம். மருத்துவர் ஓடிவந்து மார்பில் ஷாக் கொடுப்பார், உடம்பு துள்ளும், கோடு மறுபடி ஏறி இறங்கும். எத்தனை படங்களில் இதைப் பார்த்துவிட்டோம்! உண்மையில் கோடு நேராகிவிட்ட இதயத்துக்கு ஷாக் கொடுப்பதில்லை. தாறுமாறாக நடுங்கிக்கொண்டிருக்கும் இதயத்தை ஒரு கணம் அமர்த்தி, ஒழுங்கான துடிப்பு திரும்ப வழிவிடுவதுதான் ஷாக்கின் வேலை. துடிப்புக்கான மின்னோட்டமே இல்லாதபோது அதனால் பயன் கிடையாது. மார்பை விடாமல் அழுத்த வேண்டும், அட்ரினலின் கொடுக்க வேண்டும், எதனால் நின்றது என்று தேட வேண்டும். அவ்வளவுதான் நம் கையில் இருப்பது.

ஒரு பெரியவருக்கு நாங்கள் மாறிமாறி அழுத்திக்கொண்டிருந்தபோது, கதவருகே நின்ற அவர் மகன் "ஷாக் கொடுங்க, ஏன் கொடுக்க மாட்டேங்கறீங்க?" என்று கத்திக்கொண்டே இருந்தார். அப்பா பிழைக்கவில்லை. பிறகு உட்கார வைத்து எவ்வளவோ விளக்கினோம். தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. செய்திருக்கக்கூடிய ஒன்றைச் செய்யாமல் விட்டுவிட்டார்கள் என்ற சந்தேகத்தோடுதான் அவர் வீட்டுக்குப் போனார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அழுத்துவதும் படங்களில் தடவிக்கொடுப்பது போலத்தான் இருக்கும். நடிகரின் மார்பை நிஜமாக அழுத்த முடியாது, அது புரிகிறது. ஆனால் நிஜத்தில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். விலா எலும்பு முறிவதும் உண்டு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறாவிட்டால் வேகமும் ஆழமும் குறைந்துவிடும். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் வரும் இந்தக் காட்சிகளை எண்ணிப் பார்த்து 1996இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. தொடர்களில் இதயம் நின்றவர்களில் 75 சதவீதம் பேருக்கு அந்த இடத்திலேயே உயிர் திரும்பிவிடுகிறது. நிஜத்தில், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் உயிரோடு வீடு திரும்புபவர் பத்தில் ஒருவர் இருந்தாலே பெரிது. மக்கள் எந்த எண்ணத்தோடு எங்களிடம் வருகிறார்கள் என்று இப்போது தெரிகிறதா?

கப்பல் பொறியாளர்

நான் கப்பலில் இயந்திர அறையில் இருப்பவன். டைட்டானிக் படத்தை எங்கள் கூட்டம் எத்தனை முறை பார்த்து விவாதித்திருக்கும் என்று கணக்கே இல்லை. கப்பல் உடைகிற காட்சியில் எல்லோரும் வாயடைத்துப் போவோம். 1958இல் வந்த படத்தில் அதே கப்பல் உடையாமல் முழுதாக மூழ்கும். அது அந்தப் படக்காரர்களின் தவறு இல்லை. 1912இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த இரண்டு விசாரணைகளுமே முழுதாக மூழ்கியது என்றுதான் முடிவு செய்தன, "இரண்டாக உடைந்ததைப் பார்த்தோம்" என்று தப்பிப் பிழைத்தவர்கள் பலர் சொல்லியும். 1985இல் கடலடியில் இரண்டு துண்டாகக் கிடப்பதைக் கண்டபிறகுதான் அவர்கள் பேச்சுக்கு மதிப்பு வந்தது. அந்த வகையில் 1997 படம் அந்தச் சாட்சிகளுக்குச் செய்த நியாயம் என்றே சொல்வேன்.

என் மனம் ஆறாதது வேறு ஒன்று. அந்தப் படத்தில் முதல் அதிகாரி வில்லியம் மர்டாக் பயணிகளைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்வார். ஓர் அதிகாரி சுட்டுக்கொண்டதாகச் சிலர் சாட்சி சொன்னது உண்மை. அது மர்டாக்தான் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கடைசிவரை படகுகளில் ஆட்களை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த மனிதர் அவர். ஸ்காட்லாந்தில் அவருடைய ஊரான டால்பீட்டி கொதித்தது. 1998இல் படநிறுவனத்தின் அதிகாரி ஒருவர் அங்கே போய் வருத்தம் தெரிவித்து, மர்டாக் பெயரில் பள்ளியில் வழங்கும் பரிசு நிதிக்கு 5,000 பவுண்டு கொடுத்தார்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். படத்தின் இரவு வானத்தில் நட்சத்திரங்கள் தப்பாக இருக்கின்றன என்று வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் சுட்டிக்காட்டினார். 2012இல் மறுபடி வெளியிட்டபோது வானத்தைத் திருத்திவிட்டார்கள். மர்டாக் காட்சி அப்படியே இருக்கிறது. நட்சத்திரத்துக்குக் கிடைத்த நியாயம் ஒரு மனிதனுக்குக் கிடைக்கவில்லை. கற்பனைப் பாத்திரத்தை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். செத்துப்போன ஒருவரின் பெயரை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யக் கூடாது.

ஒரு தம்பி

என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். ஜான் நாஷ் என்ற கணித மேதையின் கதையை வைத்து 2001இல் வந்த எ பியூட்டிஃபுல் மைண்ட் படத்தில் இல்லாத ஆட்கள் கண்ணெதிரே நடமாடுவார்கள். நாஷுக்கு இருந்தது குரல்கள். காதில் கேட்டதைப் படம் கண்ணுக்குக் காட்டிவிட்டது. அண்ணனுக்கும் குரல்கள்தான்.

இருந்தாலும் எங்கள் சொந்தக்காரர்களுக்கு அண்ணனைப் புரிய வைத்தது அந்தப் படம்தான். பாதிப் படம்வரை பார்க்கிற நாமும் அந்த ஆட்களை நிஜம் என்றே நம்பிவிடுகிறோம் இல்லையா? இல்லை என்று தெரியவரும்போது நம் காலடியில் தரை நழுவுகிறது. "அவனுக்கு இப்படித்தான் இருக்குமா?" என்று எங்கள் சித்தி கேட்டார். அதுவரை "மனசைத் திடமாக வச்சுக்கோ" என்று அண்ணனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். விவரம் பொய், அனுபவம் மெய். இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. நாஷ் 1970 வாக்கில் மருந்தை நிறுத்தியவர். படத்திலோ புதிய மருந்துகள் எடுத்துக்கொள்வதாகச் சொல்வார். வாழ்க்கைக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று பார்த்தால் அது பொய். ஆனால் மாத்திரை வேண்டாம் என்று அண்ணன் தட்டிவிடுகிற நாட்களில் கூடவே இருப்பவன் நான். அந்த ஒரு வரிக்கு நன்றி சொல்கிறேன்.

அவசர அழைப்புப் பிரிவு

என் வேலை தொலைபேசியில். விபத்து, தீ, மாரடைப்பு எல்லாம் முதலில் எங்கள் காதுக்குத்தான் வரும். படங்களில் ஆபத்து என்றால் எல்லோரும் கத்துவார்கள். கத்துகிறவர்கள் உண்டுதான். ஆனால் மிக மோசமான அழைப்புகள் பல, ஆச்சரியப்படும் அளவுக்குத் தட்டையான குரலில் வருகின்றன. முகவரியைத் தெளிவாகச் சொல்வார்கள், கேட்டதற்குப் பதில் சொல்வார்கள். உதவி வந்து சேர்ந்தபிறகுதான் உடைந்துபோவார்கள்.

1970இல் நிலவுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பல்லோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது பதிவான பேச்சைக் கேளுங்கள், அதே நிதானம் இருக்கும். 1995இல் வந்த படத்தில், எடையில்லாமல் மிதக்கும் காட்சிகளுக்காக நடிகர்களை நாசாவின் விமானத்தில் ஏற்றி, வளைந்து ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கிடைக்கிற 25 விநாடி சொச்சத்தில் படம்பிடித்தார்கள். அவ்வளவு பாடுபட்டவர்கள், கலத்துக்குள் இருந்தவர்கள் சண்டை போட்டுக்கொள்வதாக ஒரு காட்சியை இட்டுக்கட்டிச் சேர்த்தார்கள். கப்பல்காரர் சொன்ன அளவுக்கு இது அநியாயம் இல்லை. ஆனாலும் நிதானம் மட்டும் போதாது, ரசிகர்கள் பயப்பட மாட்டார்கள் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு நிதானமான குரல்தான் வயிற்றைக் கலக்கும்.

2006இல் வந்த யுனைடெட் 93 படத்தைப் பார்த்தபோது என் வேலையிடத்தையே பார்த்தது போல இருந்தது. பயணிகள் விமானங்கள் கடத்தப்பட்ட 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் தேசிய அளவில் பொறுப்பில் இருந்த பென் ஸ்லைனி, தானே தன் வேடத்தில் வருகிறார். அந்தப் பொறுப்பில் அன்றுதான் அவருக்கு முதல் நாள். அறை முழுக்கப் பாதித் தகவல்கள், ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு, அதில் எது உண்மை என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம் வேறொன்று நான் பார்த்ததில்லை.

நீச்சல்குளக் காப்பாளர்

செவிலியர் சொன்னதைப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. திரையில் தண்ணீரில் மூழ்குபவர் கையை உயர்த்தி ஆட்டுவார், "காப்பாத்துங்க" என்று அலறுவார். நான் வெளியே தூக்கியவர்களில் பெரும்பாலோர் சத்தமே போடவில்லை. போட முடியாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் அந்த நொடியில் மூச்சை விட்டு இழுக்கத்தான் நேரம் இருக்கும். கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும், உயர்த்தி ஆட்ட வராது. உடம்பு நேராக நிற்கும், கால் உதைப்பது தெரியாது. 20 முதல் 60 விநாடிக்குள் உள்ளே போய்விடுவார்கள். பிரான்செஸ்கோ பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர் இதைப் படம்பிடித்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

ஒரு சிறுமி இப்படி ஆனபோது அவள் அம்மா கையெட்டும் தூரத்தில்தான் நின்றார். குழந்தை விளையாடுகிறது என்று நினைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூழ்குவது எப்படி இருக்கும் என்று அவருக்குக் காட்டியதெல்லாம் படங்கள்தானே. ஒரு இயக்குநராவது அந்த மௌனத்தை அப்படியே எடுக்கட்டும். அலறலைவிட அது பயங்கரமாக இருக்கும், பார்த்தவர் யாரும் மறக்கவும் மாட்டார்கள்.

ஒரு அம்மா

இதைப் படித்துவிட்டுக் கை நடுங்குகிறது. அப்படியானால் விளையாடுகிறதா, மூழ்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீச்சல்குளக் காப்பாளர்

கூப்பிட்டுக் கேளுங்கள் அம்மா. "நல்லா இருக்கியா?" என்று சத்தமாகக் கேளுங்கள். பதில் வந்தால் பெரும்பாலும் பயமில்லை. பதில் சொல்லாமல் பிள்ளை வெறித்துப் பார்த்தால், தலை பின்னால் சாய்ந்து வாய் திறந்திருந்தால், ஏணியில் ஏறுவது போலக் கை அசைந்தால், யோசிக்காதீர்கள். உடனே காப்பாளரைக் கூப்பிடுங்கள், கையெட்டும் தூரம் என்றால் பிடித்துத் தூக்கிவிடுங்கள். சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் திடீரென்று அமைதியானாலும் போய்ப் பாருங்கள்.